மேக்கின்டாஷ் பிளஸில் 4 எம்பி மெமரி: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

ஆப்பிளின் மேக்கின்டாஷ் பிளஸ் கணினி 1986 ஜனவரியில் வந்தது. 1990 அக்டோபர் வரை விற்பனையில் இருந்தது. மெமரியைச் சாக்கெட்டில் செருகி மாற்றும் வசதியோடு வந்த முதல் மேக் இதுதான். இதற்கு முன் வந்த 128கே, 512கே மாடல்களில் ரேம் சில்லுகளை போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். பிளஸ் 1 எம்பியோடு கைக்கு வரும், 4 எம்பி வரை ஏற்றலாம். அதற்கு மேல் வழியே இல்லை. 68000 பிராசசர் 16 எம்பி வரை முகவரி தரக்கூடியதுதான், ஆனால் பிளஸின் முகவரி வரைபடத்தில் 4 எம்பியைத் தாண்டியவுடன் ரேம் உட்காருவதில்லை, ரோம் (ஆர்ஓஎம்) சில்லும் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் ஸ்கஸியும் உட்கார்ந்திருக்கின்றன. 4 எம்பி, 16 எம்பி சிம் (SIMM, மெமரி சில்லுகள் பதித்த சிறு அட்டை) அட்டைகளை வாங்கிச் செருகுவது வீண் செலவு.

வேகம் கூடும் என்று நினைத்து இந்த வேலையில் இறங்க வேண்டாம். 7.8336 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசர் அப்படியேதான் ஓடும். மாறுவது, ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைத் திறந்து வைக்கலாம் என்பது. 1 எம்பியில், பல நிரல்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்க உதவும் மல்ட்டிஃபைண்டரைப் போட்டால் ஹைப்பர்கார்டுக்கே இடம் திணறும். 4 எம்பியில் ஹைப்பர்கார்டு, ஒரு வேர்ட் பிராசசர், மேக்பெயின்ட் மூன்றையும் திறந்து வைத்து மாறி மாறி வேலை செய்யலாம். பிளஸை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் தினமும் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இது. ஹார்ட் டிஸ்க் கூட இதற்கு அடுத்துதான்.

வாங்க வேண்டியது: 30 பின் கொண்ட 1 எம்பி சிம் அட்டைகள், நான்கு. பழைய 286, 386 பிசி போர்டுகளிலிருந்து கழற்றியவையும் பொருந்தும். பிசிக்கான அட்டையில் பாரிட்டிக்காக (பிழை சோதிப்பதற்காக) ஒன்பதாவது சில்லு இருக்கும். மேக் அதைக் கண்டுகொள்ளாது, அதனால் தொல்லையும் இல்லை. வேகம் 150 நானோ நொடியோ அதைவிடக் குறைவோ இருந்தால் போதும். சில்லின் பெயருக்குப் பின்னால் -12, -10, -80, -70 என்று எழுதியிருப்பது அதுதான். -10 என்றால் 100 நானோ நொடி. வேகம் கலந்திருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரே ஜோடிக்குள் ஒரே வகை அட்டைகளைப் போடுங்கள். பிளஸின் டேட்டா பஸ் 16 பிட், ஓர் அட்டை தருவது 8 பிட். அதனால்தான் எப்போதும் ஜோடியாகவே போட வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன் அட்டையின் உயரத்தையும் பாருங்கள். உள்ளே மேல்பக்கம் இடம் குறைவு.

திறப்பதற்கு டி-15 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர், அதுவும் நீளத் தண்டு உள்ளது வேண்டும். கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இரண்டு திருகு, பின்பக்கம் கீழே இரண்டு, பேட்டரி மூடிக்குள் ஒன்று, ஆக ஐந்து. பேட்டரி மூடிக்குள் இருக்கும் ஐந்தாவதை மறந்துவிட்டுப் பெட்டியை நெம்பிப் பிளாஸ்டிக்கை உடைத்தவர்கள் நிறைய. இடப்பக்கக் காற்றுத் துளையில் புரோகிராமர் சுவிட்ச் (ரீசெட் பொத்தான் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு) செருகியிருந்தால் அதையும் முதலில் கழற்றிவிடுங்கள். மேல் திருகுகளையும் கீழ்த் திருகுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். பிறகு மெஷினைக் கனமான துண்டின் மேல் முகம் குப்புற வைத்து, பின்மூடியை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அந்தத் தடம் என்றைக்கும் போகாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பிக்கு அடியில் பல ஆயிரம் வோல்ட் தேங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கும். நல்ல காப்புள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டில் முதலைக் கிளிப் ஒயரை மாட்டி, மறுமுனையைப் படக்குழாயைச் சுற்றி ஓடும் எர்த் ஒயரில் மாட்டுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூடிரைவர் நுனியைத் தொப்பிக்கு அடியில் உள்ள உலோகக் கொக்கியைத் தொடும்வரை நுழையுங்கள். சட்டென்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் இன்னொரு முறை தொட்டுவிட்டே மேலே போங்கள். இதைச் செய்து பழக்கமில்லாதவர்கள் பழைய டிவி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிராசசரும் மெமரியும் உள்ள லாஜிக் போர்டு அடியில் படுக்கையாக இருக்கும். அனலாக் போர்டிலிருந்து (மின்சாரத்தையும் திரையையும் கவனிக்கும் போர்டு) வரும் கேபிளையும் ஃப்ளாப்பி ரிப்பன் கேபிளையும் கழற்றினால் லாஜிக் போர்டு நழுவி வெளியே வரும். கேபிள் இறுக்கமாகத்தான் இருக்கும். வேகமாகப் பிடுங்கினால் கை எகிறிப் படக்குழாயின் கழுத்தில் இடிக்கும். அந்தக் கண்ணாடிக் கழுத்து உடைந்தால் குழாய் போயிற்று. பிளக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மாற்றி மாற்றி அசைத்து எடுங்கள்.

இனி ஆர்8 ரெசிஸ்டர். பலரும் சறுக்கும் இடம் இது. சிம் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஆர்8, ஆர்9 என்று இரண்டு இடம் இருக்கும். ஆர்8 இருந்தால் போர்டு, போட்டிருப்பவை 256கே அட்டைகள் என்று எடுத்துக்கொள்ளும். ஆர்9 இருந்தால், ஒரு ஜோடி மட்டுமே இருக்கிறது என்று பொருள். 256கே அட்டை நான்கோடு 1 எம்பியாக வந்த மெஷினில் ஆர்8 மட்டும் இருக்கும். 4 எம்பிக்கு இரண்டுமே இருக்கக் கூடாது. 1 எம்பி அட்டை இரண்டை மட்டும் போட்டு 2 எம்பி ஆக்குவதானால் ஆர்8 போக வேண்டும், ஆர்9 இருக்க வேண்டும். ஆர்8-ஐ விட்டுவைத்து நான்கு அட்டைகளையும் செருகினால் மெமரிக் கணக்கு தப்பாகும். நல்ல அட்டைகளைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதெல்லாம் இதனால்தான். ரெசிஸ்டரை வெட்டி எறிய வேண்டாம். ஒரு காலை மட்டும் சூடுகாட்டித் தூக்கிவிட்டு, அதன் மேல் சிறு ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு அங்கேயே விட்டுவையுங்கள். பிறகு யாராவது பழையபடி 1 எம்பிக்குத் திருப்ப நினைத்தால் இரண்டு நிமிட வேலை.

அட்டையைச் சாய்வாகச் செருகி, நிமிர்த்தி, இரு ஓரக் கொக்கியும் கிளிக் என்று பிடிக்கும்வரை தள்ளுங்கள். இந்தக் கொக்கிகள் பிளாஸ்டிக். இத்தனை வருட வெப்பத்தில் மொறமொறவென்று ஆகியிருக்கும். பழைய அட்டையை எடுக்கும்போது நகத்தால் இழுக்காமல், இரண்டு கொக்கியையும் ஒரே சமயத்தில் மயிரிழை அளவு மட்டும் விலக்கினால் அட்டை தானே முன்னால் சாயும்.

ஆன் செய்ததும் திரையில் சிரிக்கும் மேக் வர முன்பைவிட நேரம் எடுக்கும். நான்கு மடங்கு மெமரியைச் சோதிக்கிறது, பயப்பட வேண்டாம். அழும் மேக் வந்தால் கீழே உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் 02 முதல் 05 வரை இருந்தால் மெமரிக் கோளாறு. அடுத்த நான்கும் எந்த பிட் கெட்டது என்று சொல்லும்: 0001 என்றால் கடைசி பிட், 8000 என்றால் முதல் பிட். வலது இரண்டு இலக்கத்தில் மட்டும் குறை தெரிந்தால் ஜோடியில் ஓர் அட்டை, இடது இரண்டில் என்றால் மற்றது. ஜோடிக்குள் அட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். குறியீடும் பக்கம் மாறினால் அட்டை கெட்டது. மாறாவிட்டால் சாக்கெட்டோ போர்டோ.

எந்த ஜோடி என்று பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. 2.5 எம்பி அமைப்புக்கும் ரெசிஸ்டர் நிலை 4 எம்பி போலவேதான். அதனால் 1, 2-ஆம் சாக்கெட்டில் 1 எம்பி அட்டை இரண்டையும் 3, 4-இல் பழைய 256கே இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். பழைய அட்டைகளை விற்றுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

மாதக்கணக்கில் ஓட்டும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை சில்லால் வருவதில்லை, தொடர்பால் வருகின்றன. மழைக்காலம் முழுக்க மூடிவைத்த மெஷின் முதல் நாள் அழும் மேக்கைக் காட்டும். அட்டையைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகும். தகட்டில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். பென்சில் ரப்பரால் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் மேல்பூச்சு தேய்ந்து சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

இரண்டாவது, 5 வோல்ட். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காரணமில்லாமல் பாம் படம் (சிஸ்டம் நின்றுபோனதைக் காட்டும் வெடிகுண்டுப் படம்) வந்தால் முதலில் மல்ட்டிமீட்டரை எடுங்கள். பின்பக்க ஃப்ளாப்பி போர்ட்டில் 6-ஆம் பின் 5 வோல்ட், 1 முதல் 4 வரை எர்த். சூடான பிறகு அளந்து 4.8-ஐ நெருங்கினால் அனலாக் போர்டைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே உள்ள, வோல்ட்டைச் சரிசெய்யும் திருப்பியால் 5-ஐ உயர்த்தினால் 12 வோல்ட்டும் சேர்ந்தே உயரும், இரண்டையும் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். பிளஸில் மின்விசிறி கிடையாது. மேலே உள்ள துளைகளின் மீது புத்தகம் வைக்கும் பழக்கமே அந்த போர்டுக்கு எமன். அமெரிக்க மாடலாக இருந்தால் நம்மூர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. பின்பக்க லேபிளைப் படித்துவிட்டு, 100 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடுங்கள்.

சிஸ்டம் 6.0.8 தான் இந்த 4 எம்பிக்குப் பொருத்தம். 7.5.5 வரை ஏற்றலாம், ஆனால் சிஸ்டம் 7 எழுந்தவுடனேயே 1 எம்பிக்கு மேல் விழுங்கிவிடும், மெனு இறங்குவதே மந்தமாகத் தெரியும். 6.0.8-இல் மல்ட்டிஃபைண்டரை இயக்கி, கன்ட்ரோல் பேனலில் ரேம் கேஷைச் சிறிதாக வைத்து, ஒவ்வொரு நிரலின் கெட் இன்ஃபோ சன்னலிலும் மெமரி அளவைத் தேவைக்கு உயர்த்துங்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாதவர்கள் 800கே அளவில் ஒரு ரேம் டிஸ்க் (மெமரியின் ஒரு பகுதியை டிஸ்க் போலப் பயன்படுத்துவது) உருவாக்கி, சிஸ்டத்தை அதில் நகலெடுத்து ஓட்டலாம். ஃப்ளாப்பி மாற்றும் தொல்லை அப்படியே ஒழியும். மின்சாரம் போனால் அதில் இருப்பதெல்லாம் போகும், எழுதிய கோப்பை மட்டும் எப்போதும் ஃப்ளாப்பியில் சேமியுங்கள்.

மூடுவதற்கு முன் பேட்டரி அறையையும் பாருங்கள். அந்த 4.5 வோல்ட் பேட்டரி கடிகாரத்துக்கும் அமைப்புகளுக்கும் மட்டுமே. அது இல்லாமலும் மெஷின் ஓடும். ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் வைப்பதானால் கழற்றி வெளியே வையுங்கள்.