நாலு வீலும் இழுக்கும் என்றார்கள், பின்வீலுக்குப் போகிற ஷாஃப்டே இல்லை: 412,000 ரூபாய் போன கதை

வயலுக்குப் போக, குளத்துப் பக்கம் போக என்று ‘போர் வீல்’ வாகனம் தேடுகிற ஆட்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே முன்னுக்குப் பின் இருக்கும்.

நாலு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். ஆறு நாளாக இந்த எண்தான் தலைக்குள் சுற்றுகிறது. நான் பேங்கில் வேலை பார்க்கிறவன். ஒருவர் கடன் கேட்டு வந்தால் பத்துப் பேப்பர் கேட்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு கார் சேலில் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, நீட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கடையின் பேரைப் போட மாட்டேன், போட்டால் கேஸ் போடுவோம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அம்பாறை மாவட்டத்தில் மெயின் ரோட்டோரம், முன்னுக்குக் கலர்க் கொடி கட்டி, கழுவித் துடைத்த வாகனங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிற கடைகளில் ஒன்று. இவ்வளவு போதும்.

நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. அப்பாவின் வயல் வாவிக்கு அங்கால் படுவான்கரையில், நவகிரிக் குளத்துக்குக் கீழே. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளி வரைக்கும் ரோட்டுக்குக் குறையில்லை. அதற்கு அங்கால் கிரவல், கிரவல் முடிந்தால் வாய்க்கால் கரை. கோடையில் ஓட்டோவும் போகும். மாரி பிறந்தால் அந்தக் களிமண் சவர்க்காரம் மாதிரி, ட்ராக்டரைத் தவிர வேறொன்றும் போகாது. அப்பாவுக்கு 71 வயது. ட்ராக்டர் மட்காட்டில் குந்திக்கொண்டு போகிற உடம்பு இல்லை, ஆனால் வயலைப் பார்க்காமல் இருக்கவும் மாட்டார். அதனால்தான் நாலு வீல் இழுவை உள்ள சின்ன வாகனம் ஒன்று, அதுவும் டீசலில், என்று தேடினேன். பெரிய ஜீப்புக்கு வசதியில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து ஏறின விலை, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் நம்முடைய கைக்கு எட்டுகிற மாதிரி இறங்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒன்லைன் விளம்பரம் ஒன்றில் பார்த்தேன். மஸ்டா சீஎக்ஸ் 3, 2015 தயாரிப்பு, 1.5 லீற்றர் டீசல், ஓட்டோ கியர். கீழே பெரிய எழுத்தில் ‘போர் வீல், அபூர்வ வாகனம்’. விலை 91 இலட்சம். பாதி லீசிங், மீதி என் சேமிப்பும் மனைவியின் சீட்டுக் காசும்.

முதலில் வாகனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் குற்றமில்லை. 105 குதிரைவலுதான், பேப்பரில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 1,600 சுற்றிலேயே 270 நியூட்டன் மீற்றர் இழுவை வந்துவிடுகிறது. காலை லேசாக வைத்தாலே முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் டக்டக் சத்தம், சூடேறினால் அடங்கிவிடும். ஆறு கியரும் மாறுவது தெரியாது. ஸ்டியரிங் கொஞ்சம் கனம், அது எனக்குப் பிடித்தது, வளைவில் எங்கே திருப்பினேனோ அங்கேதான் நிற்கும். கிடங்கில் விழுந்தால் மட்டும் இடுப்புக்குத் தெரியும். பின்சீட்டில் மூன்று பேர் இருந்தால் யாராவது ஒருவர் சண்டை பிடிப்பார். தரையிலிருந்து உயரமும் 160 மில்லிமீற்றர்தான், ஜீப் என்று நினைத்து வாங்காதீர்கள். டீசல் லீற்றருக்குப் பதினாறு கிலோமீற்றர் குறையாமல் ஓடியது.

சரி, எங்கே ஏமாந்தேன் என்பதற்கு வருகிறேன்.

ஓகஸ்ட் 20ஆம் திகதி. கடைக்குப் போனதும் கதிரை போட்டு, பிளேன்டீ வைத்து, வீடு எங்கே, எந்த பிராஞ்சில் வேலை என்றெல்லாம் விசாரித்தார்கள். விற்பனைக்கு நிற்கிறவர் முப்பது வயசு மதிக்கலாம், வெள்ளைச் சேர்ட், பணிவென்றால் அப்படிப் பணிவு. கம்ப்யூட்டரில் செக் பண்ணிய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றைக் கையில் தந்தார், ஒரு பிழையும் காட்டவில்லை. “சுப்பர் டீசல் மட்டும்தான் அடிக்கணும் சேர். ஊருக்குள்ளேயே ஓடாம கிழமைக்கு ஒருக்கா லோங் போங்க, இல்லாட்டி புகை பில்டர் அடைச்சிரும்” என்றார். உண்மையான புத்திமதி. ஏமாற்றுகிறவன் வாயிலிருந்து உண்மையும் வரும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டிப் பார்த்தோம். கல்முனைப் பக்கம் நேரான தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது நான்தான் கேட்டேன், கடற்கரைப் பக்கம் இறக்கி மணலில் ஒருக்கா ஏற்றிப் பார்ப்போமா, போர் வீல்தானே என்று. அவர் முகம் மாறவே இல்லை. சிரித்துக்கொண்டு, டாஷ்போர்டை ஒரு குழந்தையைத் தடவுகிற மாதிரித் தடவி, “வேணாம் சேர், உப்பு மணல் அடியில பிடிச்சா துருப்பிடிக்கும். நாளைக்கு உங்கட வாகனம், நான் ஏன் அதைப் பழுதாக்குவான்?” என்றார்.

இந்த ஒரு வசனத்தில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு கரிசனையாக வாகனத்தைப் பார்க்கிற ஆட்களிடம் வாங்குவதுதான் சரி என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். மச்சான் போனில் சொன்னான், “டேய், வாகனம் திருத்துற கராஜ் பாஸ் ஒராளைக் கூட்டிக்கொண்டு போ.” ஸ்கேன் ரிப்போர்ட் இருக்குடா என்று அவனுக்கு நானே பாடம் எடுத்தேன். அடுத்த நாள் காசு கட்டினேன். ரசீதில் அடியில் சின்ன எழுத்தில் ‘பார்த்துப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தது. பேங்க்காரன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் பதுளைக்கு ஒரு பயணம். செங்கலடியால் ஏறி, மகா ஓயா, பிபிலை தாண்டினதும் மழை. ஏற்றமான வளைவு ஒன்றில் காலை அழுத்தினேன், முன்வீல் சர்ரென்று சுற்றி மூக்கு வெளிப்பக்கம் இழுத்தது. நாலு வீலும் இழுக்கிற வாகனம் இலேசில் அப்படிச் செய்யாது. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். டயர் தேய்ந்திருக்கும் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டினேன்.

நவம்பர் 5. விதைப்புக்கு வித்து நெல் நாலு மூட்டையும் அப்பாவும். முதல் நாள் இரவு நல்ல மழை. கிரவல் முடிந்து வாய்க்கால் கரையில் ஐம்பது மீற்றர் போயிருப்பேன், வாகனம் ஒரு பக்கமாகச் சறுக்கி நின்றது. அப்பா “இனித்தானே நாலு வீலும் இழுக்கும், அமத்து மனே” என்றார். அமத்தினேன். முன்வீல் இரண்டும் சேற்றை விசிறி அடித்ததில் முன் கண்ணாடியே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் பின்வீல் இரண்டும் கோயில் தேர்ச்சில்லு மாதிரி அசையாமல் நிற்கிறது.

ட்ராக்டர் கொண்டுவந்து இழுத்த தம்பி, கயிறு கட்டுவதற்கு சாக்கை விரித்து அடியில் படுத்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அடியில் கிடந்தபடியே கேட்டான்: “அண்ணன், இது போர் வீல் எண்டுதானே சொன்னீங்க? பின்னுக்குப் போற ஷாஃப்டைக் காணல்லயே.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை எண்ணிக்கொண்டு நின்றார்.

கராஜில் ஹொயிஸ்டில் தூக்கிப் பார்த்தோம். இந்த வாகனத்தில் முன்பக்கக் கியர்ப்பெட்டியிலிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று பின்னுக்குப் போகும். அங்கே பின் டிஃபரென்ஷலுக்கு முன்னால் கரண்டில் வேலை செய்கிற ஒரு கப்ளிங். முன்வீல் வழுக்கப் போகிறது என்று தெரிந்தால் அது பிடித்துப் பின்வீலுக்கு இழுவை கொடுக்கும். என்னுடையதில் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் இடம். முன்பக்கம் ஷாஃப்ட் பூட்டுகிற வாயை ஒரு தகட்டால் மூடி, சிலிக்கன் பூசி, மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்ட் போல்ட் தலையிலும் வழிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உரிகிறது. “கப்ளிங்கின்ட வயரைக் கழட்டாம அப்படியே குத்தி விட்டிருக்கான் பாருங்க. அதுதான் ஸ்கேன்ல பிழை காட்டல்ல, டாஷ்ல லைட்டும் எரியல்ல” என்றார் பாஸ். முன் டயர் இரண்டும் புதுசு, பின்னது வேறு கம்பெனி, தேய்ந்தது. அப்படி ஓடினால் முன்னும் பின்னும் சுற்று வித்தியாசப்பட்டு கப்ளிங் சூடாகிக் கெட்டுப்போகுமாம். யாரோ அப்படிக் கெடுத்து, திருத்தக் காசு போகும் என்று ஷாஃப்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்பது அவருடைய ஊகம்.

கணக்கு இதுதான். பழைய ஷாஃப்டும் கப்ளிங்கும் நடு பெயாரிங்கும் பூட்டுக்கூலியும் 310,000. டயர் இரண்டு 90,000. ட்ராக்டருக்கும், நெல்லை வேறு வண்டியில் கொண்டுபோனதற்கும் 12,000. நாலு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

அன்றைக்குப் பின்னேரமே கடைக்குப் போன் எடுத்தேன். “அப்படியா சேர்? கொண்டு வாங்களன் பாப்பம்.” அடுத்த நாள் எடுத்தால் முதலாளி கொழும்பு. மூன்றாம் நாள் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நாலாம் நாள் லீவு போட்டு நேரில் போனேன். அதே கதிரை, இந்த முறை டீ இல்லை. முதலாளி என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “யூஸ்ட் வாகனம். வாரண்டி இல்ல. திருப்தி எண்டு சைன் வெச்சிருக்கீங்க.” விளம்பரத்தில் போர் வீல் என்று போட்டீர்களே என்றேன். “கொம்பனி அப்படித்தானே செஞ்சது, பொய்யில்லையே” என்றார். என்ன ஒரு பதில் பாருங்கள். கடைசியில் சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: “ரெண்டரை மாசமா உங்கட கையில இருந்த வாகனம். நீங்களே கழட்டி வித்திட்டு வந்தீங்களோ, ஆருக்குத் தெரியும்?” வெள்ளைச் சேர்ட்க்காரர் பக்கத்தில் ஒரு வானைத் துடைத்துக்கொண்டு நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விளம்பரம் இப்போது தளத்தில் இல்லை. நல்லவேளை, முதல் நாளே மச்சானுக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பி வைத்திருந்தேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு எடுத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் தர வேண்டும், அதுவும் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். இன்றைக்கு 11ஆம் திகதி. எனக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட், ரசீது, கராஜ் பாஸின் கடிதம், அந்தத் தகட்டின் போட்டோ எல்லாம் போட்டு நாளைக்குக் கொடுக்கிறேன்.

எப்படிச் செக் பண்ணுவது என்று விவரமாக எழுதத்தான் தொடங்கினேன், எழுதினால் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். டோர்ச் ஒன்றோடு அடியில் படுங்கள், உடுப்பு ஊத்தையானால் கழுவலாம். முன்னிருந்து பின்னுக்கு ஷாஃப்ட் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே தேய்மானமா பாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள். ரசீதில் ‘நாலு சக்கர இயக்கம் வேலை செய்கிறது’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் எழும்பி வாருங்கள். மணலில் ஏற்றவிடாத ஆளிடம் வாங்காதீர்கள்.

ஷாஃப்ட், கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறதாம். அதுவரைக்கும் வாகனம் ஹொயிஸ்டில். அப்பா இன்று காலையும் வயலுக்குப் போனார், ட்ராக்டர் மட்காட்டில் சாக்கைப் போட்டுக் குந்திக்கொண்டு.