ஏழுக்கு நாலு டிரெய்லரில் படுக்க மூன்று வழி: பிளைவுட், ஃபோம், கூடாரம்

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டு ஹாலில் மூன்று வாரமாக ஒரு நீல டேப் கட்டம் ஒட்டிக் கிடக்கிறது. நீளம் 213 சென்டிமீட்டர், அகலம் 122. பெர்த்தில் இருக்கும் அண்ணனுடைய டிரெய்லரின் அளவு அது. ஆஸ்திரேலியாவில் ‘ஏழுக்கு நாலு’ என்று அடிக்கணக்கில் சொல்லி விற்கும் சாதாரணப் பெட்டி டிரெய்லர். இத்தனை நாள் தோட்டக் குப்பை ஏற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் போகும்போது அதைப் படுத்துத் தூங்கும் வண்டியாக மாற்றுவதாகத் திட்டம்.

இதை இங்கேயே செய்யலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பத்து வருட சிஓஇ (கார் வைத்துக்கொள்ள எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) எடுத்துக் கார் வாங்குவதே பெரும்பாடு. அதன் பின்னால் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது? சாங்கியில் கிளம்பினால் டீ ஆறுவதற்குள் துவாஸ் வந்துவிடும். சிங்கப்பூரில் வெளியே தூங்க ஆசை வந்தால் பாசிர் ரிஸ் பூங்காவுக்கு அனுமதி எடுத்துக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிரெய்லர் மேல் படுக்க ஒரு பெட்டி கட்டலாம், இல்லையென்றால் கூடாரம் வைக்கலாம். பெட்டிச் சுவருக்கு அண்ணனுக்கு ஃபோம் பிடித்திருக்கிறது. எனக்கு பிளைவுட். என் மனைவிக்குக் கூடாரம். வீடியோ காலில் இந்தப் பஞ்சாயத்து நடக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஃபோமுக்கு அண்ணன் சொல்லும் முதல் காரணம் எடை. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை, 9 மில்லிமீட்டர் தடிமனில், சுமார் 15 கிலோ வரும். அதே அளவில் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகை 5 கிலோகூட வராது. பெட்டிக்கு ஐந்து பலகை என்றால் 75 கிலோவுக்கு எதிரே 25. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். வெறும் டிரெய்லர் 260 கிலோ. சரக்கோடு சேர்த்து 750 கிலோவுக்குள் இருந்தால் அங்கே டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை. ஆக, கையில் 490 கிலோ இருக்கிறது. மிச்சமாகும் 50 கிலோவால் நமக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. (சின்னக் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்குக் காரின் வரம்பு 750-ஐவிடக் குறைவாக இருக்கலாம்.) எடை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பதுதான் எனக்குக் கவலை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கி மேல் இறங்க வேண்டும். அழகுக்காகச் சமையல் பலகை, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வாலில் வைத்தால் மூக்கு லேசாகி, வேகமெடுத்ததும் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். 20 லிட்டர் கேன் இரண்டு வைத்தாலே 40 கிலோ. அதை முன்பக்கம் தள்ளிவிட வேண்டும்.

ஃபோமை நான் ஒதுக்கியதற்கு அகலமும் ஒரு காரணம். அதைத்தான் டேப் காட்டிக்கொடுத்தது. 122-இல் பிளைவுட் சுவர் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 சென்டிமீட்டர்கூட எடுக்காது. ஃபோம் 10 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 112. அந்த அளவுக்கு உள்ளே இன்னொரு கோடு ஒட்டி, இரண்டு பேரும் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தோம். நான் திரும்பும்போதெல்லாம் என் முழங்கை மனைவியின் விலாவில். 120-இல் திரும்பினால் இடிக்காமல் உரசியது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இரவு முழுக்க அதே வித்தியாசம். சுவரை டிரெய்லர் விளிம்புக்கு மேலே ஏற்றி, சக்கரங்களுக்கு மேல் அகலப்படுத்தலாம் என்கிறார் அண்ணன். செய்யலாம். ஆனால் பெட்டி உயரும், காரின் கூரையைத் தாண்டும், காற்று முட்டும், பெட்ரோல் குடிக்கும்.

அப்புறம் ஒட்டுகிற வேலை. சுங்கை காடுட் பக்கம் போய் பிளைவுட் துண்டு ஒன்று வாங்கினேன். ஃபோம் துண்டு ஒரு நண்பரின் வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் மிஞ்சியது. வீட்டு வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அலமாரியில் கிடந்த ஸ்ப்ரே பசையை ஃபோமில் அடித்தேன். நுரைத்தது. ஒரு நிமிடத்தில் எறும்பு தின்ற வெல்லம் மாதிரி குழிகுழியாகிவிட்டது. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) மீன் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்து, ‘இதிலா தூங்கப் போகிறீர்கள்?’ என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான். கரைப்பான் கலந்த பசையும் பாலியெஸ்டர் ரெசினும் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். இரண்டு திரவம் கலந்தால் இறுகும் எபாக்ஸி தின்னாது. தண்ணீரில் கரையும் மரப்பசையும் தின்னாது. அதனால்தான் ஃபோம் பெட்டி கட்டுபவர்கள் மேலே கான்வாஸ் துணி போர்த்தி, மரப்பசையில் ஊறவைத்து, அதன்மேல் வீட்டு வெளிச்சுவர் பெயிண்ட்டை அடுக்கடுக்காக அடிக்கிறார்கள். மலிவு, தண்ணீரும் இறங்காது. ஆனால் ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். வெளிர்நிறமாகவும் இருக்க வேண்டும். பெர்த் டிசம்பரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களும் உண்டு. அதில் கறுப்புக் கூரை கொதித்தால் ஃபோம் இளகிவிடும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஸ்க்ரூ. ஃபோமில் ஸ்க்ரூ நிற்காது. கதவுக் கீல், தட்டு, விளக்கு எங்கெங்கே வரும் என்று முன்பே முடிவுசெய்து அங்கெல்லாம் மரத்துண்டு புதைக்க வேண்டும். கராஜும் வாரயிறுதிகளும் கையிலிருக்கும் அண்ணனுக்கு அது சரி. மூன்று வாரம் லீவு போட்டுப் போகும் எனக்கு ஒத்துவராது.

பிளைவுட்டிலும் வியாதி இருக்கிறது. நடுவில் நனைந்தால் தாங்கும், ஓரத்தில் நனைந்தால் ஊறி உப்பும். அறுத்த ஓரங்களுக்கு எபாக்ஸியோ பெயிண்ட்டோ இரண்டு மூன்று கை கொடுக்காமல் ஒரு பலகையைக்கூடப் பொருத்தக்கூடாது. ஸ்க்ரூ துளைகளுக்கும் அதே வைத்தியம்.

கூடாரத்துக்கு என் மனைவி சொல்லும் காரணங்களை நான் முதலில் சிரித்துத் தள்ளினேன். இப்போது சிரிப்பதில்லை. டிரெய்லர் மேல் இரும்புச் சட்டம் வைத்து, கார் கூரையில் வைக்கும் மடிப்புக் கூடாரத்தைப் பொருத்தினால் விரித்தபின் 140 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். முழங்கைப் பிரச்சினை ஓய்ந்தது. எடை 60 கிலோ அளவில். கீழே டிரெய்லர் காலி, சாமான் போடலாம். ஊர் திரும்பியதும் நாலு போல்ட்டைக் கழற்றினால் அண்ணன் பழையபடி குப்பை ஏற்றலாம். பெட்டி கட்டிவிட்டால் அந்த வசதி போய்விடும். அண்ணி இதையேதான் கேட்கிறார்: ‘அப்புறம் குப்பையை நான் தலையிலா சுமப்பது?’ ஆனால் பெர்த்தில் கோடை மாலைகளில் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு ‘ஃபிரிமேண்டில் டாக்டர்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் கான்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் தூக்கம் எங்கே வரும்? நனைந்த கூடாரத்தை மடித்து இரண்டு நாள் மறந்தால் பூஞ்சை பிடிக்கும். இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக ஏணியில் இறங்க வேண்டும். எனக்கு 52 வயது.

காற்றோட்டத்தில் கூடாரத்தை மிஞ்ச முடியாது. மூடிய பெட்டிக்குள் இரண்டு பேர் மூச்சுவிட்டால் குளிர்கால விடியலில் உள்சுவர் வியர்க்கும். பிளைவுட் என்றால் கூரையில் ஒரு சின்ன விசிறி, எதிர்ப்புறம் தாழ்வாக ஒரு ஜன்னல், இரண்டும் கட்டாயம்.

போன ஞாயிற்றுக்கிழமை முடிவானது இது: பிளைவுட் பெட்டி. ஆனால் டிரெய்லரோடு சேர்த்து ஒட்டாமல், ஆறு போல்ட்டில் கழற்றும்படி. நாலு பேர் தூக்கி கராஜில் வைத்தால் அண்ணிக்கு டிரெய்லர் திரும்பக் கிடைக்கும். அண்ணன் யாரையும் கேட்காமல் முன்கூட்டியே வாங்கிச் சாய்த்து வைத்திருக்கும் ஃபோம் பலகைகளில் ஒன்று மெத்தைக்கு அடியிலும் ஒன்று கூரைக்கு உள்பக்கமும் போகும். மற்ற மூன்றை என்ன செய்வது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.