கிளிநொச்சியில் தமிழில் நடக்கும் மாதாந்தத் தொழில்நுட்பக் கலந்துரையாடல்: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ள பொது மண்டபமொன்றில், மென்பொருள் துறையில் பணியாற்றும் இளைஞர்கள் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் தமிழிலேயே தொழில்நுட்பக் கலந்துரையாடல் நடத்தி வருகின்றனர். கட்டணம் எதுவும் இல்லை. அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீட மாணவர்கள் முதல் கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள் வரை எவரும் வந்து அமரலாம், கேள்வி கேட்கலாம்.

நான் சென்ற அமர்வில், இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோகத்துக்கு நீர் திறக்கும் நாட்களைக் குறுஞ்செய்தி மூலம் கமக்காரருக்கு அறிவிப்பது பற்றிப் பேசினார்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும் என்றால், தமிழில் எழுதும்போது அந்த இடம் 70 குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது. 'கிளிநொச்சி' நமக்கு ஐந்தெழுத்துத்தான். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட்டில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 10 குறியீடுகளாகிறது. வாய்க்கால் பெயரும் திகதியும் நேரமும் சேர்ந்தால் ஒரு செய்தி இரண்டாகிச் செலவும் இரட்டிக்கும் என்பதைப் பேச்சாளர் திரையில் எண்ணியே காட்டினார். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினால் விளங்காது என்பதைக் கமக்காரர்களே சொன்னார்கள்.

அதன்பின் அலுவலகமொன்றில் தரவு பதியும் பெண்மணி ஒருவர் எழுந்தார். "தம்பி, அட்டையில இருக்கிற ஊர்ப்பேரைத்தான் அப்படியே அடிக்கிறன், ஆனா தேடினா வருகுதில்லை" என்றார். அன்றைய பொழுதின் மிகப் பயனுள்ள பகுதி அங்கேதான் தொடங்கியது. 'நொ' என்ற எழுத்தில் கொம்பும் அரவும் ஒரே குறியீடாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். யூனிகோட்டுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பழைய கோப்புகளும் புதிதாகத் தட்டச்சு செய்தவையும் ஒரே பட்டியலில் கலக்கும்போது இந்தச் சிக்கல் வரக்கூடும் என்று விளக்கிய பேச்சாளர், சேமிப்பதற்கு முன்பே அனைத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை அங்கேயே எழுதி ஓட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டங்களில் இத்தகையவர்கள் பின்வரிசையில் அமர்ந்து, தேநீரோடு எழுந்து போவதையே நான் கண்டிருக்கிறேன். வன்னியின் தரவுகளை அன்றாடம் கையாள்பவர்கள் அவர்கள்தாம். அவர்கள் வாய் திறக்காத கூட்டத்தில் இந்தப் பிழை யாருக்கும் தெரியவந்திருக்காது.

'சேர்வர்', 'டேட்டாபேஸ்' போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் தரும் அவர்களின் முறை எனக்கு நிறைவளித்தது.

குறைகளும் உண்டு. திரையில் காட்டிய குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. தேநீர் இடைவேளைக்குப் பின் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசியவர் பாதியிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட, முன்வரிசையைத் தவிர மற்றவர்கள் அமைதியாகிவிட்டார்கள். பொறியியற் பீடத்திலிருந்து வந்த சிங்கள மாணவர்களுக்கு அருகிலிருந்த நண்பர்தான் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்கென்று முறையான மொழிபெயர்ப்பு ஏற்பாடு அவசியம்.

பிரதேச சபை, கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் கணினியோடு வேலை செய்பவர்கள் தயங்காமல் செல்ல வேண்டும். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வருவோர் பேருந்துக்காகப் பாதியில் எழுந்து செல்ல நேர்கிறது. ஏற்பாட்டாளர்கள் இதனைக் காலை நேரத்துக்கு மாற்றினால் அவர்களும் இறுதிவரை இருப்பார்கள்.