பழைய சந்தையைச் செப்பனிட யார் பணம்? சியாட்டிலில் எடைபோட்ட வழிகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள பைக் பிளேஸ் மார்க்கெட் என்ற சந்தை 1907-இல் தொடங்கியது. அதை இடிக்கும் திட்டத்தை 1971-இல் நகர மக்களே வாக்களித்துத் தடுத்தார்கள். 1973 முதல் நகரம் அமைத்த ஒரு பொது அமைப்பு அதை நடத்துகிறது. சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் கட்டடங்கள் அவை. இப்படிப்பட்ட இடத்தில் மேலே மீன்கடைப் பனிக்கட்டி உருகி ஓடும் தண்ணீர், துருவேறிய வடிகால் குழாயில் கசிந்தால் கீழ்த்தளக் கடையின் தலையில்தான் சொட்டும். குழாய், வயரிங், நிலநடுக்கத்தைத் தாங்கும் எஃகுச் சட்டம் எதையும் கடை கடையாகப் பிரித்துச் செய்ய முடியாது. மொத்தமாகச் செய்ய மொத்தமாகப் பணம் வேண்டும்.

வாடகையை ஏற்றுவது முதலில் தோன்றும் வழி. சிறு விவசாயியும் கைவினைஞரும் நாள்வாடகைக்கு மேசை பிடிக்கும் சந்தையில் அது ஆளையே மாற்றிவிடும். கட்டடம் மட்டும் மிஞ்சும்.

தனியார் முதலீடு அடுத்த வழி. பொது அமைப்பு வருமான வரி கட்டுவதில்லை, அதனால் வரிச்சலுகை அதற்குப் பயன்படாது. கட்டட உடைமையை முதலீட்டாளர் பெயருக்கு மாற்றி, அந்தச் சலுகையை அவருக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். 1980-களின் தொடக்கத்தில் இந்தச் சந்தையில் அதுதான் நடந்தது. 1986 வரிச் சட்டம் சலுகையைச் சுருக்கியதும், நியூயார்க் முதலீட்டாளர்கள் கட்டடங்களின் மேல் உரிமை கோரினார்கள். வழக்கு தீர்ந்து சந்தை மீண்டும் பொதுக் கைக்கு வர 1991 ஆயிற்று. பாரம்பரியக் கட்டடச் செலவில் 20 சதவீதத்துக்குக் கிடைக்கும் மத்திய அரசு வரிக்கழிவு நல்லதுதான். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் உடைமை கைமாறினால் கழிவைத் திருப்பிக் கட்ட நேரும். முதலீட்டாளர் எப்போது, என்ன விலைக்கு விலகுவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

மிஞ்சுவது சொத்து வரி. அதிலும் இரண்டு பாதைகள், வித்தியாசம் பெரியது. வரியை ஈடாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிட வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 60 சதவீத ஆதரவு வேண்டும். பதிவான வாக்குகள் முந்தைய பொதுத் தேர்தலில் பதிவானதில் 40 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். மற்றது வரி உச்சவரம்பைச் சில ஆண்டுகளுக்கு உயர்த்துவது. புதுக் கட்டடங்கள் நீங்கலாக, வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் நகரத்தின் சொத்து வரி வசூல் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அந்த வரம்பைத் தாண்டப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். 2008 நவம்பரில் சியாட்டில் இந்த இரண்டாம் பாதையில் போனது: ஆறு ஆண்டுகளில் 7.3 கோடி டாலர். கட்டடத்தின் முதுகெலும்புக்கு இதுவே சரியான பணம் என்பது எங்கள் தீர்ப்பு. வாக்களித்தவர்தான் கட்டுகிறார், யாருக்கும் பங்கு போகவில்லை. 1,000 டாலர் மதிப்புக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால், நான்கு லட்சம் டாலர் வீட்டுக்காரருக்கு ஆண்டுக்கு 40 டாலர்.

இதிலும் இடறும் இடங்கள் உண்டு. வரி தவணையாக வருகிறது, ஒப்பந்ததாரருக்கோ இப்போதே கொடுக்க வேண்டும். இடைவெளியை நகரம் குறுகிய காலக் கடனால் நிரப்பினால் வட்டியும் அதே தொகையிலிருந்துதான் போகும். இந்த வரியால் கடனை அடைப்பதானால் ஒன்பது ஆண்டுதான் உச்சம். மொத்தத் தொகையை முன்பே சொல்லி வாக்கு வாங்கியிருந்தால், சுவரைப் பிரித்த பிறகு தெரியும் அழுகலுக்குக் கூடுதல் வராது. அவசர ஒதுக்கீட்டை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். வேலை நடக்கும்போது கடைகளைத் தற்காலிகமாக நகர்த்தும் செலவும் அங்கேயே இருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான், கடைசியில் அது கடைக்காரர் தலையில் விழுகிறது.

வாக்குச்சீட்டு வாசகத்தில் தொகை, ஆண்டு, நோக்கம் மூன்றையும் எழுதுங்கள். காலம் முடிந்ததும் வரி பழைய அளவுக்கு இறங்குமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.