க்ருதி தேவும் என் புது மடிக்கணினியும்

டெல்லியில் பதினாறு வருடமாக இந்தியில் மனுவும் பிரமாணப் பத்திரமும் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கை பழகியது பழைய தட்டச்சுப்பொறி வரிசையான ரெமிங்டன் விசைப்பலகை, க்ருதி தேவ் 010 எழுத்துரு. அதற்கென வாங்கிய மென்பொருள் ஒன்று பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஓடியது. பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற சாவிக் கட்டை இருந்தால்தான் திறக்கும். அந்தக் கணினி மண்டையைப் போட்டதும் விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கினேன். டாங்கிளைச் செருக அதில் இடமே இல்லை. இருந்தாலும் பயனில்லை. மென்பொருள் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்காது.

எழுத்துருவை மட்டும் ஏற்றினேன். அது சாதாரண டிடிஎஃப் எழுத்துருக் கோப்புதான், வேர்டில் உடனே வந்துவிட்டது. ஆனால் க்ருதி தேவில் அடிப்பதெல்லாம் கணினிக்கு ஆங்கிலம். இந்தி வெறும் மேல்பூச்சு. சிறிய டி (d) அடித்தால் 'க', பெரிய டி (D) அடித்தால் 'க்'. பத்தியின் முதல் எழுத்தை வேர்ட் தானாகப் பெரிதாக்க, 'காம்' என்று தொடங்கிய பத்தியெல்லாம் தலை உடைந்து நின்றது. இரண்டு நாள் எழுத்துருவைத் திட்டிய பிறகுதான் ஆட்டோகரெக்டில் அந்த டிக்கை எடுத்தேன். மேற்கோள் குறியை வளைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஷர்மாவின் 'ஷ' அந்த விசையில்தான் இருக்கிறது. 'க்ர' வேண்டுமென்றால் ஆல்ட்டுடன் 0216 அடிக்கணும். தனி எண் விசைகள் இல்லாத மடிக்கணினியில் அதற்கு எங்கே போவது? யுஎஸ்பி நம்பர் பேடு ஒன்று வாங்கினேன்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. பிறகு எல்லாரும் கோப்பை வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கினார்கள். எழுத்துரு இல்லாத கைபேசியில் 'ஹிந்தி' என்ற சொல் எஃப், ஜி, யு, என், எச் என்று தெரியும். தமிழில் இதே வகைப் பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கோப்பைத் திறந்து விழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எந்தக் கைபேசியிலும் இந்தி இந்தியாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற, இன்ஸ்கிரிப்ட் என்ற விசை அமைப்பைப் பழகப் பார்த்தேன். அதில் டி விசை ஹலந்த், நம் மெய்ப்புள்ளி மாதிரி எழுத்தின் அடியில் வரும் குறி. 'க' என்று விரல் போகும் இடத்தில் எழுத்தின் காலை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் கைவிட்டேன். ரெமிங்டன் கெய்ல் அமைப்பு கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. உள்ளே யூனிகோடு, விரலுக்குப் பழைய பாதை. முதலிலேயே இதைத் தேடியிருக்கணும்.

பழைய க்ருதி தேவ் கோப்புகளை யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் பான் எண்ணையும் இந்தியாக்கி வைக்கும். அவற்றை முதலில் வெட்டி வைத்துவிடுகிறேன்.

அச்சகக்காரர் ஒருவர் மட்டும் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரை இன்னும் விடவில்லை, அவருக்கு க்ருதி தேவில்தான் கொடுக்கணும். அவருக்காக நம்பர் பேடு மேசையில் இருக்கிறது.