இசை எழுதப்படாத ஓபரா: வெர்டியின் ‘ரே லியர்’ நூல்களில் எதை வாங்குவது?

இந்த நூல்களில் இசை கிடையாது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசனை ‘ரே லியர்’ என்ற ஓபராவாக, அதாவது இசைநாடகமாக, ஆக்கும் ஆசை இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. ஆனால் ஓபரா பிறக்கவே இல்லை. நமக்குக் கிடைப்பவை அந்தோனியோ சொம்மா எழுதிய லிப்ரெட்டோவும் (ஓபராவில் பாடுவதற்கான உரை), அதைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களும்தான். பார்மா நகரிலுள்ள தேசிய வெர்டி ஆய்வு நிறுவனம் இவற்றைத் தனித்தனி நூல்களாக வெளியிட்டுள்ளது. மொழி இத்தாலியன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கடிதத் தொகுப்பை வாங்குங்கள்.

லிப்ரெட்டோவை மட்டும் படித்தால், ஷேக்ஸ்பியரைச் சுருக்கிவிட்டார்கள் என்ற எண்ணமே மிஞ்சும். ஏன் சுருக்கினார்கள் என்பது கடிதங்களில்தான் இருக்கிறது. சொம்மா வெனிஸில் வழக்கறிஞர், நாடகாசிரியர். ஓபராவுக்கு எழுதிப் பழகாதவர். 1853 முதல் 1855 வரை வெர்டி அவருக்கு அந்தத் தொழிலையே கற்றுக்கொடுக்கிறார். மேடையில் நீளம் என்றாலே சலிப்பு என்கிறார். காட்சி ஓயாமல் மாறினால் மாயவிளக்குப் படம் பார்ப்பதுபோல் ஆகிவிடும், அங்கத்துக்கு ஓர் அரங்கமைப்பு என்ற பிரெஞ்சு வழக்கமே நல்லது என்கிறார். லியரின் கதையோ அரண்மனை, பொட்டல்வெளி, போர்க்களம் என்று அலைவது. இந்த முரண்பாடு கடைசிவரை தீரவில்லை. லிப்ரெட்டோவை இரண்டு முறை எழுத நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதத் தொகுப்பில் ஒரு போதாமை உண்டு. ‘லியர்’ திட்டத்தின் மிக முக்கியமான கடிதம் அதில் இராது. 1850 பிப்ரவரி 28 அன்று வெர்டி அதை, தனக்கு முன்பே லிப்ரெட்டோ எழுதித் தந்த சல்வதோரே கம்மரானோவுக்கு எழுதினார். லியர், அவர் இளைய மகள் கோர்டீலியா, விதூஷகன், எட்மண்ட், எட்கர் என ஐந்து முதன்மைப் பாத்திரங்கள். காட்சிகள் எட்டு அல்லது ஒன்பது. குளோஸ்டரின் கண்களைப் பிடுங்கும் காட்சி வேண்டாம். வழக்கமான வடிவங்களைப் பொருட்படுத்தாமல் முற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று அதில் சொல்லிவிட்டார். 1852-இல் கம்மரானோ இறந்த பிறகே வேலை சொம்மாவிடம் வந்தது. ஆகவே கம்மரானோ கடிதத் தொகுப்பை நூலகத்திலாவது தேடி, அந்தக் கடிதத்தை முதலில் படியுங்கள். அடுத்து 1853-இன் சொம்மா கடிதங்கள், அதன் பிறகு லிப்ரெட்டோ. வரிசை மாறினால், எது வெர்டியின் முடிவு, எது சொம்மாவின் தேர்வு என்று பிரித்தறிவது கடினம்.

நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்குக்காக ஓபராவை முடிக்கும் கட்டம் வந்தபோது பாடகர்கள் அமையவில்லை. கோர்டீலியாவாகப் பாட வெர்டி கேட்டது மரியா பிக்கொலோமினியை. அரங்கம் தர முன்வந்தது ரோசினா பெங்கோவை. வெர்டி இசையவில்லை. நேப்பிள்ஸ் அரங்குடனான ஒப்பந்தத்துக்காக அவர் தொடங்கிய வேறொரு கதை, தணிக்கையில் சிக்கி, 1859-இல் ரோமில் ‘ஊன் பால்லோ இன் மாஸ்கெரா’ என்ற ஓபராவாக மேடையேறியது. அதற்கும் லிப்ரெட்டோ சொம்மாவே. ஆனால் பாடகி கிடைக்காததை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. முதுமையில் ‘லியர்’ குறிப்புகளை இளைய இசையமைப்பாளர் மஸ்காக்னிக்குத் தர முன்வந்த வெர்டி, பொட்டல்வெளியில் லியர் தனித்து நிற்கும் காட்சி தன்னை அச்சுறுத்தியது என்றாராம். மஸ்காக்னி சொன்னது இது. கடிதங்களைப் படித்தபின் இதை நம்பத் தோன்றுகிறது.

அந்தக் காட்சிக்கு இசை எதைக் கேட்கும் என்று அறிய ஜெர்மன் இசையமைப்பாளர் அரிபெர்ட் ரைமானின் ‘லியர்’ ஓபரா உதவும். 1978-இல் மியூனிக்கில் அரங்கேறியது. லியராகப் பாடியவர் பாரிடோன் (இடைநிலை ஆண்குரல்) பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. கால் ஸ்வர இடைவெளிகளில் நெருக்கி அடுக்கிய தந்திக் கருவிகள்தான் அங்கே புயல். வெர்டியின் இசைமொழியில் இதற்கு இடமில்லை.

லிப்ரெட்டோவை வாங்குபவர்கள் வெர்டியின் பிந்தைய ஓபரா ‘லா ஃபோர்ஸா தெல் தெஸ்தீனோ’வின் ஒலிப்பதிவு ஒன்றையும் எடுத்து வையுங்கள். முதல் அங்கத்தில் தந்தையின் வீட்டைவிட்டுப் புறப்படும் முன் நாயகி லெயோனோரா பாடும் ‘மே பெல்லெக்ரீனா எத் ஓர்ஃபனா’வின் சொற்கள் ‘ரே லியர்’ லிப்ரெட்டோவிலிருந்து எடுத்துத் திருத்தப்பட்டவை. சொம்மாவின் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள்.