ஆறாம் நம்பரா, சாமி வீட்டுக்கு அடுத்ததா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ஓர் இரவுக்கு 5,500 ரூபாய், காலைப் பலகாரம் சேர்த்து. நான் மதுரையில் வீட்டு பிளான் வரைகிறவன். ஊர் சுற்றப் போனாலும் கை டேப்பைத்தான் தேடும்.

ரசீதில் என் அறைக்குப் பெயர் 'ஹெரிடேஜ் டீலக்ஸ், கோர்ட்யார்ட் வியூ'. சாவியில் 6. இரவு வெந்நீர் வரவில்லை. போன் செய்தால், ஆறாம் நம்பர் எந்தப் பக்கம் என்று வரவேற்பில் இருந்த பையன் என்னையே கேட்டான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தானாம். சத்தம் கேட்டு வந்த வயதான சமையல்காரர், "வளவுல எந்த வீடு தம்பி? சாமி வீட்டுக்கு அடுத்ததா?" என்றார். அதுவேதான். ஐந்து நிமிடத்தில் வாளி வந்துவிட்டது.

மறுநாள் காலை அவரைப் பிடித்துக்கொண்டேன். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, இருபுறமும் திண்ணை. வெளியாட்களோடு கணக்குவழக்கெல்லாம் இங்கேயே முடிந்துவிடும். நிலைவாசலைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், அதையொட்டி வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் பெயர் 'வீடு'! கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. கல்யாணமானால் நகரத்தாரில், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களில், அந்தத் தம்பதி தனிப் 'புள்ளி', தனிக் குடும்பமாகக் கணக்கு. ஒரே கூரையின் கீழ் தனியாக உலை வைப்பதும் உண்டு. அப்புறம் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு, அடுப்படி இருக்கும் மூன்றாம் கட்டு, பின்தெருவில் திறக்கும் பின்வாசல். முகப்பில் நின்றால் அந்தக் கடைசி வாசலின் வெளிச்சம் நேராகத் தெரிகிறது. நான் வரையும் பிளான்களில் இதற்கெல்லாம் சேர்த்து 'ஹால்' என்று ஒரே சொல்தான். வருகிறவர் சோபாவில் உட்கார்ந்தால் குக்கர் தெரியும்.

இரண்டாம் கட்டில் இலை போட்டு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தார்கள். அதற்காகவே இன்னொரு முறை போகலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செருப்பில்லாமல் நடப்பது தனிச் சுகம்.

ஆனால் மழைக்குப் பயந்து முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சூடான காற்று மேலேறி வெளியே போகத்தான் முற்றம். அதை மூடிவிட்டு அறைக்கு அறை ஏசி வைத்திருக்கிறார்கள். மதியம் வளவில் உட்கார முடியவில்லை, புழுங்குகிறது.

மூன்றாம் கட்டிலும் ஓர் அறை வாடகைக்கு உண்டு. 'பட்ஜெட் ரூம்' என்று எழுதி 1,500 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். அங்கே ஷீட் இல்லை, பின்வாசல் காற்று நேராக வருகிறது. அடுத்த முறை அதைத்தான் கேட்பேன்.